பாலத்தில் வழி கேட்பவர்

சங்கரன்கோவிலுக்கு வெளியே, ரயில்வே மேம்பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் உயரமான கம்பிவலை பாதி தூரம்தான் அடித்திருக்கிறார்கள். வலை முடிகிற இடத்தில் ரயிலைப் பார்க்க நிற்கிறேன். காலையிலிருந்து யாரும் என்னிடம் பேசவில்லை.

எலுமிச்சை மூட்டைகளோடு ஒரு லோடு ஆட்டோ என் பக்கத்தில் வந்து நிற்கிறது.

“அண்ணாச்சி, புளியங்குடிக்கு எப்படிப் போவணும்?” என்கிறார் ஓட்டுநர். ஆட்டோவிலேயே ‘புளியங்குடி’ என்று எழுதியிருக்கிறது.

“உங்க ஊருக்கு என்கிட்டயா வழி கேக்குறீங்க?”

“இங்கன ஒருத்தர் உசுர விட்டுட்டாரு. மீதி வலை வார வரைக்கும், இந்த வழியா வண்டி ஓட்டுத நாங்க எல்லாரும் தனியா நிக்கவங்ககிட்ட வழி கேக்கோம். பதில் சொல்லவாவது திரும்புவாங்கல்லா? ஏறுங்க, பஸ் ஸ்டாண்டுல விடுதேன்.”

ரயில் பார்க்கத்தான் நின்றேன் என்று சொல்லலாம். சொன்னால் அவர் போய்விடுவார்.

ஏறி உட்கார்ந்துகொள்கிறேன்.