அப்பா தாண்டிய பக்கங்கள்

எனக்குக் கல்யாணம் பேசிய வருஷம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு வரிசை முழுக்க ஒரே நாவலைப் பற்றித்தான் பேச்சு. அதைக் கையில் எடுத்துப் படித்தவர்கள் மூன்றே பேர். கருத்துச் சொன்னவர்களுக்குக் கணக்கே கிடையாது. படிக்காதவர்கள்தான் அதிகம் சத்தம் போட்டார்கள். அது எல்லாப் புத்தகத்துக்கும் நடப்பதுதான்.

மாப்பிள்ளை வீட்டார் இந்தியாவில், அப்பாவின் சொந்த ஊருக்குப் பக்கத்துச் சிற்றூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர்கள். அப்பாவுக்குத் தூரத்து உறவு. படம் அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு நாற்காலியின் முதுகில் கைவைத்து நின்றிருந்தார். நாற்காலி லட்சணமாக இருந்தது. அவரைப் பற்றி அந்தப் படத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. நான் சம்மதித்தால், சம்மதிக்காவிட்டாலும்தான், தை பிறந்ததும் கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் ஏற்றி அனுப்பிவிடுவதாகப் பேச்சு.

அம்மா கிள்ளானுக்குப் பக்கத்தில் ரப்பர் பால் எடுக்கும் ஒரு கித்தா தோட்டத்தில் பிறந்தவள். கப்பலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி, ஏறியதில்லை. அவளுக்கு ஊர் என்றால் அப்பா சொல்லும் ஊர்தான். அப்பா ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. இளவயதில் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர், திரும்பிப் போனதே இல்லை. அவர் சொல்லும் ஊரில் ஆறு எப்போதும் கரை புரண்டு ஓடும், மாடுகள் முட்டாது, மனிதர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசுவதுபோல எல்லாரையும் நல்லவர்கள் என்பார். அம்மா இத்தனை வருஷம் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் மகளை அனுப்புவது என்று வந்ததும் இன்னொரு சாட்சி வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் நாவல் வந்தது. எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா இருந்தார். ஞாயிறு காலையில் மெதடிஸ்ட் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, மீதி நாள் முழுக்கப் புத்தகம் படிப்பார். மதராஸிலிருந்து பார்சலில் தருவித்த புத்தகம் அது. ஒரு சிற்றூர், அதில் ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்துக்கு வந்த மருமகள். படித்து முடித்த டீச்சரம்மா குழாயடியில் கண் சிவந்து நின்றார். தண்ணீர் பிடிக்க வந்தவர்களிடம் கதையைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு, மீதியை நாளைக்குச் சொல்வதாகப் போய்விட்டார்.

அம்மா அன்று குடத்தோடு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஏங்க, அந்த பொஸ்தகத்துல வர்ற ஊரு நம்ம மாப்பிள்ளை ஊரு மாதிரியாமே?" என்பதுதான்.

"கதைதானே" என்றார் அப்பா.

"கதையா? அச்சடிச்சிருக்கு. பொய்யின்னா கவர்மெண்டு சும்மா விடுமா?"

அம்மாவுக்கு அச்சில் வந்தது எல்லாம் ஒன்றுதான். பஞ்சாங்கம், ரயில் நேர அட்டவணை, நாவல். ரயில் நேரம் பொய்யானால் அப்பாவுக்கு மெமோ வரும். நாவல் பொய்யானால் எழுதினவருக்கு வந்திருக்க வேண்டுமே என்பது அவள் கணக்கு. நான் சிரித்துவிட்டு அவளிடம் ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டேன்.

அப்பா புத்தகத்தை இரவல் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டு வாசலில் உட்கார்ந்து உரக்கப் படிப்பதென்று ஏற்பாடு. அம்மா நெத்திலியை முறத்தில் கொட்டிக்கொண்டு தலை கிள்ள உட்கார்வாள். பக்கத்து வீட்டுப் பாயின்ட்ஸ்மேன் மனைவி தன் முறத்தோடு வருவார். நாங்கள் அவரை அத்தை என்போம். உறவு ஒன்றும் கிடையாது, வாய் மட்டும் உறவுக்காரர்களின் வாய். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் வந்து சேர்ந்தார்கள்.

அப்பாவுக்கு நல்ல குரல். கணீரென்று படிப்பார். அவர் படித்த நாவல் அருமையாக இருந்தது. தேர் ஓடியது. சந்தை கூடியது. மருமகள் ஆற்றில் குளித்தாள், மல்லிகை தொடுத்தாள், காப்பி வைத்தாள், மறுபடியும் காப்பி வைத்தாள். மாமியார் அப்பழுக்கில்லாதவள். காரணம் எளியது: மாமியாருக்கு அப்பா பேசவே வாய் கொடுக்கவில்லை. அவள் வாயைத் திறக்கும் இடம் வந்தால் அடுத்த தாளுக்குப் போய்விடுவார்.

இது எனக்கு எப்படித் தெரியுமென்றால், அப்பா வேலைக்குப் போன நேரத்தில் அலமாரியிலிருந்து எடுத்து நான் முழுசாகப் படித்துவிட்டேன். படித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். அந்தப் புத்தகத்தில் யாரும் கிணற்றில் விழவில்லை, யாரும் யாரையும் அடிக்கவுமில்லை. அந்தப் பெண் இரண்டாவது முறை சோறு கேட்க மாட்டாள், அவ்வளவுதான். கேட்டால் மாமியார் பானையைச் சுரண்டும் சத்தத்தைக் கேட்க வேண்டும். கணவன் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வான். பக்கம் பக்கமாக அப்படியே போய், கடைசிப் பக்கத்தில் அவள் விடிகாலையில் அடுப்பு மூட்டுவாள். முதல் பக்கத்திலும் அதைத்தான் செய்தாள். ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க மனசு வரவில்லை. அதற்கு முன்னால் அப்படி ஒரு புத்தகம் நான் படித்ததே கிடையாது.

அப்பா என்னை ஏமாற்றுவதற்காகத் தாண்டினார் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. தன் ஊரைப் பற்றி யாரோ கெட்டதாக எழுதிவிட்டான், அதை வாயால் சொல்ல அவருக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் என்று எண்ணியிருந்தேன்.

குழாயடியில் சண்டை மூண்டது. டீச்சரம்மாவிடம் கதை கேட்டவர்கள் ஒரு பக்கம், அப்பாவிடம் கேட்டவர்கள் ஒரு பக்கம். எங்கள் கட்சிக்கு அத்தைதான் தலைவி.

"அந்த மாமியா தங்கம்லா! மருமகளக் கையப் புடிச்சி தேர் காட்டுறா."

"தங்கமா? பெத்தவங்க வீட்டுக்குப் பிரசவத்துக்கே அனுப்பாதவளா?" என்றார் எதிர்வரிசைப் பெண் ஒருவர்.

"பிரசவமா? எப்ப பிரசவம்? எங்களுக்குப் பிரசவமே வரலையே!"

"ஆம்பளப் புள்ள பொறந்து, பேரு வச்சி, நடந்துட்டான். நீங்க எந்த பொஸ்தகத்தப் படிக்கிறீங்க?"

"ஒங்க டீச்சரம்மா அழுமூஞ்சி. எல்லாத்தையும் அழுதுகிட்டே சொல்லியிருக்கும்."

"ஒங்க கிராணி அண்ணன் சாப்புட்ட மயக்கத்துல படிச்சிருப்பாரு."

குடங்கள் நிரம்பி வழிந்தன, யாரும் நகரவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு குழந்தையே காணாமல் போயிருக்கிறது என்றால் இன்னும் என்னென்ன போயிருக்குமோ என்று அவள் யோசித்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த ஞாயிறு அம்மா டீச்சரம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். காப்பியும் கொடுத்தாள். அப்பாவுக்கு முகம் கொஞ்சம் மாறியது, ஆனாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். டீச்சரம்மா பண்பானவர், கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அன்று அவள் நெத்திலியைப் பார்க்கவில்லை, அப்பாவின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க" என்றாள் திடீரென்று. "அடுப்புல காப்பித் தண்ணி இன்னும் கொதிக்கல. நீங்க அதுக்குள்ள மூணு தாளு போயிட்டீங்க."

அப்பா டீச்சரம்மாவைப் பார்த்தார். டீச்சரம்மா காப்பிக் கோப்பையைப் பார்த்தார்.

"வேண்டாத சங்கதி. வர்ணனை" என்றார் அப்பா.

"எம்பொண்ணு போற எடம். வர்ணனையும் கேக்குறேன்." அம்மா எட்டி, தாண்டிய தாள்களைத் திருப்பி, கண்ணில் பட்ட இடத்தில் விரலை வைத்தாள். மீன் வாசம் பிடித்த விரல். "இங்கேருந்து படிங்க."

அவள் விரல் வைத்தது எனக்கு நன்றாகத் தெரிந்த பக்கம். மருமகளின் அப்பா மகளைப் பார்க்க வரும் இடம் அது.

அப்பா படித்தார். குரலில் கணீர் இல்லை. அந்த மனிதர் வாழைத்தாரோடு வருகிறார். கூடத்தில் உட்கார வைத்து உபசரிக்கிறார்கள். மகள் கதவோரம் வந்து நிற்கிறாள். வளையல் முழங்கைவரை ஏறிப் போகும் அளவுக்கு மெலிந்திருக்கிறாள். அவர் பார்க்கிறார். பார்த்துவிட்டு, சம்பந்தியிடம் மழையைப் பற்றிப் பேசுகிறார். சாயங்காலம் வண்டி ஏறும்போது, நல்லா இருக்கியாம்மா என்று கேட்கிறார். நல்லா இருக்கேம்பா என்கிறாள். அவரும் போய்விடுகிறார்.

அந்த இடத்தில் அப்பாவின் குரல் நின்றுவிட்டது. அத்தைகூட நெத்திலி கிள்ளுவதை நிறுத்திவிட்டார்.

"எங்க அக்கா இப்படித்தான் நின்னுச்சு" என்றார் அப்பா. எங்களிடம் சொன்னாரா புத்தகத்திடம் சொன்னாரா தெரியவில்லை. "நானும் எங்கப்பாவும்தான் பாக்கப் போனோம். நான் மழையப் பத்திக்கூடப் பேசல. அவங்க போட்ட வடையத் தின்னுட்டு வந்தேன்."

அப்பாவுக்கு ஒரு அக்கா இருந்ததே எங்களுக்கு அன்றுதான் தெரியும். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"இவளைக் கட்டிக் குடுத்துட்டு நான் போய்ப் பாக்கணும்னா கப்பல் ஏறணும்" என்றார் அப்பா. "லீவு வாங்கணும். அப்படியே போனாலும், கதவுகிட்ட நிக்கிறவள கூட்டிக்கிட்டு வர்ற ஆளா நான்? அந்த வாழைத்தார் ஆளு மாதிரிதான் நானும் திரும்பி வருவேன். எனக்கே தெரியும்."

டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தைதான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"அண்ணே, எனக்கென்னமோ நீங்க படிச்சதுதான் நல்லா இருந்துச்சு. தேரு, சந்தை எல்லாம். அப்படியே விட்டிருக்கலாம்."

எல்லாரும் ஒரே சமயத்தில் சிரித்துவிட்டோம். அப்பாவும் சிரித்தார், கண்ணில் நீரோடு. சிரித்து முடித்த பிறகுதான் அவர் என் பக்கம் திரும்பினார். வரிசையில் இருந்த அத்தனை பேரும் அந்த நாவலைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது. அந்த ஊருக்குப் போகப்போகிறவள் நான் ஒருத்திதான், என்னை யாரும் கேட்டதில்லை.

"நீ இதப் படிச்சியாம்மா?"

"முழுசாப் படிச்சேம்பா. ரெண்டு தடவை."

"எப்படி இருக்கு?"

எத்தனையோ நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று தவித்த கேள்வி. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ரொம்பப் புடிச்சிருக்குப்பா. இது மாதிரி நான் படிச்சதே இல்ல. ஆனா அந்த வீட்டுக்கு நான் போக மாட்டேன்."

சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அவள் முறைக்கவில்லை.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு "போக வேணாம்" என்றார். ஆபீஸில் வேகன் வராது என்று சொல்வதுபோல, அத்தனை சாதாரணமாகச் சொன்னார். அம்மா நெத்திலி முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு மீனின் தலையைக் கிள்ளிவிட்டு, அதே மீனை மறுபடியும் தேடினாள்.

அப்பா புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார்.

"நான் விட்டதையெல்லாம் நீ படி. எனக்கும் அதுல என்ன இருக்குன்னு தெரியாது. முதல் வரியப் பாத்தாலே திருப்பிடுவேன்."

அவர் ஊருக்காகத் தாண்டவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் முன்பக்கத்துக்குப் போய், மாமியார் முதன்முதலில் பேசும் இடத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். என் குரல் அப்பாவுடையதுபோல இல்லை, கீச்சென்று இருந்தது. பானையைச் சுரண்டும் இடம் வந்தது. நான் நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்து கண்ணை இறுக மூடியிருந்தார். அடுத்த தாளுக்குப் போய்விடலாமா என்று என் விரல் தானாகவே ஓரத்தைப் பிடித்தது.

"தாண்டாதம்மா" என்றார் அப்பா.