சுங்காய் வளையம்

தீபாவளிக்குத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தோம். "வளையம் ஒண்ணு பத்தல. உங்ககிட்ட ஏதும் இருக்கா?" என்று ஏணிமேல் நின்றபடி மனைவி கேட்டாள். இல்லை என்றேன். பச்சைப் பொய். என் மேசை டிராயரில் பித்தளை வளையம் ஒன்று கிடக்கிறது. ஆனால் அது ரயில் ஓட்டுவதற்கான அனுமதி. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

ஈப்போவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாங்கள் மூன்று பேர் ஞாயிறுதோறும் பொம்மை ரயில் ஓட்டினோம். சேவியர் ஏர்கோன் பழுதுபார்ப்பவன். அவனுடைய வாடகை வீட்டு மாடி முழுக்கப் பலகை போட்டு, ஈப்போவிலிருந்து சிலிம் ரிவர் வரை அந்தக் காலத்து ஒற்றை வழி ரயில் பாதையை அமைத்திருந்தோம். முனியாண்டி லோரி டிரைவர், சுங்காய் எஸ்டேட்டில் பிறந்தவன். பாத்திரம் தேய்க்கும் நாரில் பச்சைச் சாயம் தோய்த்து ரப்பர் மரமெல்லாம் நட்டவன் அவன்தான். நிரை பிசகினால் பிடுங்கி மறுபடி நடுவான். தண்டவாளத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய். அந்த வாடை எங்கே வந்தாலும் எனக்கு இன்றைக்கும் அந்த மாடிதான்.

விளையாட்டு என்று சொன்னால் சேவியருக்குக் கோபம் வரும். கால அட்டவணை உண்டு. அவன் சிலிம் ரிவர் ஸ்டேஷன் மாஸ்டர், நான் சுங்காய், முனியாண்டி டிரைவர். எங்கள் இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரே பாதை, அதற்கு ஒரே வளையம். அதுதான் டோக்கன். அது டிரைவர் கைக்கு வராமல் ரயில் நகரக்கூடாது, எதிரே இன்னொன்று வந்து மோதிவிடும் இல்லையா. ஒரு ஞாயிறுகூட அட்டவணையைக் கடைசி வண்டி வரை ஓட்டி முடித்ததில்லை. பெரும்பாலும் என் புண்ணியத்தில்.

பிறகு அந்த வீடு விலைபோனது. சேவியர் ஜொகூருக்குக் கிளம்பினான். பலகைகளை ஏற்ற மூன்று மணிக்கு லோரி வரும். அதற்குள் ஒரே ஒரு தடவை முழு அட்டவணையையும் ஓட்டிவிட வேண்டும் என்று காலையிலேயே உட்கார்ந்தோம். ஒரு தப்புமில்லை. கடைசி வண்டி மட்டும் பாக்கி, அதுவும் ஈப்போவிலிருந்து கிளம்பிவிட்டது, சுங்காய் வந்து சேர நேரமிருந்தது. "சாப்பிட ஏதாச்சும் கட்டிட்டு வாரேன்லா" என்று இறங்கிப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. கடை வாசலில் ஒதுங்கி, முகம் துடைக்கக் கைக்குட்டை எடுத்தால், கூடவே வளையம் வருகிறது.

நனைந்துகொண்டே ஓடினேன். மாடியில் சத்தமே இல்லை. மணி மூன்றேகால். சுங்காயில் ரயில் நிற்கிறது. முனியாண்டி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சிலிம் ரிவரில் சேவியர் எழுந்து நிற்கிறான். லோரிக்காரர்கள் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களோடு காத்திருக்கிறார்கள்.

"ஓட்டியிருக்கலாமே மச்சான். எதிர்ல ஏது வண்டி?" என்றேன்.

"டோக்கன் இல்லாம எப்படிலா போறது?" என்றான் முனியாண்டி.

உள்ளங்கையில் அடங்கும் இஞ்சின், அதற்கு இத்தனை மரியாதை. வளையத்தை நீட்டினேன். ரயில் ரப்பர் நிரைகளுக்குள் புகுந்து, வளைந்து, சிலிம் ரிவரில் போய் நின்றது. சேவியர் வளையத்தை வாங்கி, அதை வைக்கும் மைலோ டின்னைத் தேடினான். அது எப்போதோ மூட்டைக்குள் போய்விட்டது. "நீயே வச்சுக்க. அடுத்த வண்டிக்கு வேணும்" என்றான்.

பலகைகளை ஜொகூரில் கரையான் தின்றுவிட்டது. நிஜப் பாதையும் இப்போது இரட்டை வழி. போன மாதம் மின்ரயிலில் போனேன், சுங்காய் வந்தது தெரிவதற்குள் தாண்டிவிட்டது. கைநீட்டி எதையும் வாங்க அங்கே யாருக்கும் அவசியமில்லை. முனியாண்டி இறந்து ஐந்து வருஷமாகிறது.

எங்கள் கூடத்துத் திரைச்சீலை ஒரு முனையில் தொங்குகிறது. தொங்கட்டும். டிரைவர் வந்து கேட்டால் என்னிடம் டோக்கன் இருக்க வேண்டும்.