டிரைவர் பழசாகிவிட்டது

டிப்போவில் அவரை ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஹாரன் அதிகம் அடிக்கிறவர் என்பதால் அல்ல, ஹாரனே தேவைப்படாத தொண்டை என்பதால். வண்டி கழுவுகிற இடத்தில் தண்ணீர் வரவில்லை என்றால் கத்துவார். வந்தால், இவ்வளவு வேகமாக எவன்டா திறந்துவிட்டது என்று கத்துவார். கத்துகிறவனிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை என்பதை வாலிப வயசிலேயே கண்டுபிடித்து, அதை வைத்தே பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டவர்.

மீதிப் பாதியை பஸ் ஓட்டினார். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. நின்றுகொண்டு வருகிற கிழவிகூட கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை, அப்படிப் பிரேக் போடுவார். காலையிலும் பிற்பகலிலும் பள்ளிக்கூட டிரிப் அவருடையது. அந்தப் பிள்ளைகள் மட்டும்தான் அவர் கத்தினால் சிரிப்பார்கள். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. அதுவரை அந்த சீட்டை விட்டு இறங்குவதாக அவருக்கு உத்தேசம் இல்லை.

அப்படிப்பட்ட மனிதரை ஒரு லேப்டாப் ஃபெயிலாக்கிவிட்டது.

ஐம்பத்தைந்து தாண்டிய டிரைவர்கள் எல்லாரும் சிமுலேட்டரில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று புதிதாக ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். பெயர்தான் பெரிது. டயர் அடுக்கி வைத்திருந்த அறையைக் காலி செய்து ஒரு மேசை போட்டு, அதில் ஸ்டியரிங் ஒன்றைத் திருகி மாட்டியிருந்தார்கள். கீழே பெடல்கள், அவை வழுக்கிக்கொண்டு போகாமல் இருக்கப் பின்னால் ஒரு பலகை. எதிரில் பெரிய டிவி. எல்லாவற்றையும் இயக்குவது பக்கத்தில் இருந்த ஒரு கேமிங் லேப்டாப். அதன் பொத்தான்களுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பஸ் சக்கரத்தைத் தவிர வேறு எதையும் நம்பாதவருக்கு அதைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது.

ஓட்டினார். நாலு தெரு ஒழுங்காகப் போயிற்று. ஐந்தாவது தெருவில் திரை நின்றது, இழுத்தது, மறுபடி நின்றது. திடீரென்று வண்டிக்கு முன்னால் பந்தோடு ஒரு சின்னப் பெண். பிரேக்கை மிதிப்பதற்குள் திரை முழுக்கச் சிவந்துவிட்டது. பாதசாரி மீது மோதல், தவறு ஓட்டுநருடையது என்று எழுத்து ஓடியது.

"எவன்டா ஓட்டுநர் தப்புன்னு போட்டது?" என்று அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "படம் நின்னு நின்னு வருது. அந்தப் புள்ள வானத்துலேருந்து குதிச்சா! ரோட்டுல எவளாவது இப்படிக் குதிப்பாளா?"

பயிற்சி அதிகாரி ஒரு காலத்தில் இவர் பஸ்ஸிலேயே கண்டக்டராக இருந்தவர். பரீட்சை எழுதி மேலே வந்துவிட்டார், ஆனாலும் இவரைப் பார்த்தால் இன்னும் தன்னையறியாமல் சில்லறையைத் தேடி பாக்கெட்டைத் தடவுவார். "அண்ணே, மெஷின் சொல்றதுதாண்ணே கணக்கு," என்றார்.

"அந்த மெஷினை என் பஸ் ஓட்டச் சொல்லு!"

கதவோரம் நின்ற மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், என்று ஒருவன் மெதுவாகச் சொன்னது இவர் காதில் விழுந்தது. அவ்வளவுதான். அரை மணி நேரம் டிப்போ முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். இந்தத் தேர்வு செல்லாது, மெஷினைச் சரிபண்ணி மறுபடி வைக்க வேண்டும், அதுவரைக்கும் என் வண்டியை நான்தான் எடுப்பேன். விதிப்படி ஃபெயிலானவரை உடனே இறக்க வேண்டும். அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அன்று பிற்பகல் டிரிப்பை ஹாரனே எடுத்தார், அடுத்த நாளும் எடுத்தார்.

ஃபெயிலான அன்று இரவு வீட்டுக்கு வந்தபோது மனைவி சாப்பாட்டு மேசையில் போருக்குப் போயிருந்தாள். அவளிடமும் ஒரு கேமிங் லேப்டாப் இருந்தது. மகன் வேலைக்காக வெளியூர் போகும்போது, இனிமேல் விளையாட நேரம் இருக்காதும்மா என்று விட்டுப்போனது. தூசி தட்டத்தான் முதலில் திறந்தாள். பகலெல்லாம் பல் டாக்டர் கிளினிக்கில் வாசலில் உட்கார்ந்து, "கொஞ்சம் பொறுங்க, இப்ப கூப்பிடுவாங்க" என்று பூப்போலப் பேசுகிற அந்த அம்மாள், காதில் ஹெட்போனை மாட்டிவிட்டால், "பின்னாடி வர்றான், சுடுடா, தூங்கறியா!" என்று முகம் தெரியாத பிள்ளைகளை மேய்ப்பாள். அவர் அதற்காகக் கத்துவார். அவள் ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டிக்கொள்வாள். குடும்பம் அப்படித்தான் சமாதானமாக நடந்துகொண்டிருந்தது.

அன்று அவர் கத்தியது ஹெட்போனையும் தாண்டிக் கேட்டது. கழற்றி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள்.

"படம் மொத்தமா நின்னுச்சா, விட்டு விட்டு இழுத்துச்சா?"

"விக்கல் எடுத்த மாதிரி இழுத்துச்சு."

"அப்ப டிரைவர் பழசாயிருக்கும்ங்க. அப்டேட் பண்ணணும்."

கையில் இருந்த தட்டு மேசைமேல் தடாலென்று விழுந்தது. "என்னடி சொன்ன? டிப்போல அந்தப் பயலுக சிரிச்சது போதாதுன்னு கட்டினவளும் சொல்றியா? யாருடி பழசு?"

அவளுக்குச் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. "உங்களைச் சொல்லலீங்க. லேப்டாப்புக்குள்ள படம் வரையறதுக்குன்னே ஒரு கார்டு இருக்கு, கிராபிக்ஸ் கார்டு. பலசாலி, ஆனா யாரு பேச்சும் புரியாது. விளையாட்டு 'இங்க ஒரு மரம் வை'ன்னு சொன்னா, அதுக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொல்ல நடுவுல ஒரு புரோகிராம் வேணும். அதுக்குப் பேருதான் டிரைவர்."

"ஒருத்தன் சொல்றதை வாங்கி இன்னொருத்தன்கிட்ட சொல்றவன் டிரைவரா? அது கண்டக்டர் வேலைடி! விசில் குடுக்கறவனுக்கெல்லாம் டிரைவர்னு பேரு வச்சா, நான் யாரு?"

"பேரு வச்சவன்கிட்ட போய்க் கத்துங்க. புதுசு புதுசா விளையாட்டு வரும், விண்டோஸ் மாறும். பழைய டிரைவருக்கு அதுங்க பேசறது புரியாம தடுமாறும், படம் திக்கும். நான் அப்பப்ப புதுசு போட்டுருவேன். உங்க டிப்போல வாங்கின நாள்லேருந்து தொட்டிருக்க மாட்டாங்க."

அவருக்கு அன்றைக்கு முதல் தடவையாகச் சோறு ருசித்தது. கோபத்துக்கு ஆதாரமும் சேர்ந்துவிட்டால் அதைப்போல ஒரு சுகம் இல்லை. "நீ வர்றடி," என்றார். "வந்து அவனுக மூஞ்சில அடிக்கிற மாதிரி அப்டேட் பண்ணு."

கிளினிக்குக்கு வார விடுமுறையான புதன்கிழமை இருவரும் போனார்கள். விஷயம் பரவி, வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஐந்தாறு டிரைவர்கள் டயர் அறைக்குள் கூடியிருந்தார்கள். அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்ததுமே திரையின் மூலையில் ஒரு சிவப்பு முக்கோணம் துள்ளியது. உங்கள் கணினியில் பதினேழு டிரைவர்கள் ஆபத்தில், உடனே சரிசெய்ய இங்கே அழுத்தவும்.

"இதை யாரு தம்பி போட்டது?"

அதிகாரி நெளிந்தார். "மெதுவா ஓடுதேன்னு நான்தாங்க... டிரைவரைச் சரிபண்றதுன்னு போட்டிருந்துச்சு."

"இதுதான் முதல் திருடன். வேகமா ஆக்கறேன்னு உள்ள வந்து உக்காந்துக்கிட்டு இருக்கறதையும் தின்னுடும்." அதைத் தூக்கிப் போட்டாள். பிறகு கார்டு எந்த மாடல் என்று பார்த்தாள். டிரைவரின் தேதியைப் பார்த்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள். "நான் சொல்லல? வாங்கினப்ப போட்டதுதான்."

"கேட்டியாடா!" என்று அவர் அறைக்கே சொன்னார். "எவன்டா கூடம் கோணல்னு சொன்னது? கோணல்தான்டா!"

கார்டு செய்த கம்பெனியின் தளத்துக்கே போய்ச் சரியான கோப்பைத் தேடி இறக்கினாள். டிப்போ இணையம் ஆமைக்கு அண்ணன். இறங்குகிற வரைக்கும் அவர் பேசிக்கொண்டே இருந்தார், அதிகாரிக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. சார்ஜரைச் செருகச் சொன்னாள், பாதியில் கரண்ட் போனால் கதை கந்தல். பழையதை அடியோடு துடைத்துவிட்டுப் புதிதாகப் போடு என்கிற கட்டத்தில் டிக் வைத்து அழுத்தினாள். சற்று நேரத்தில் திரை இருண்டது.

"போச்சு!" என்றார் அதிகாரி.

"ஒண்ணும் போகல. பழசு இறங்கிருச்சு, புதுசு ஏறுது. நடுவுல வண்டியில ஆள் இல்ல, அவ்வளவுதான்."

திரை இரண்டு தடவை மினுக்கிவிட்டுத் திரும்பி வந்தது. லேப்டாப்பை அணைத்துத் திறந்து, சிமுலேட்டரையும் திறந்தாள். தெருக்கள் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடின. மரத்து இலைகூட அசைவது தெரிந்தது. கதவோரம் நின்றவர்கள்கூட அட என்றார்கள்.

அவர் உட்கார்ந்தார். முதல் தெரு, இரண்டாவது தெரு, கைகள் அப்படி அழகாகத் திரும்பின. அவள் பின்னால் நின்று பார்த்தாள், பெருமையாகக்கூட இருந்தது. ஐந்தாவது தெரு. இடப் பக்கம் ஒரு வெள்ளை வேன் நின்றது.

திரை சிவந்தது.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவருக்குத்தான் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "மறுபடியும் குதிச்சா பாத்தியா? சரியாவே ஆகல. என்னத்தடி அப்டேட் பண்ணின?"

"படம் நிக்கலீங்க," என்றாள் அவள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"அப்ப அவ எங்கேருந்து வந்தா? ரீப்ளே போடுடா. எல்லாரும் பாருங்கடா."

அதிகாரி ரீப்ளேயைப் போட்டார். அதே தெரு மெதுவாக வந்தது. வேன் வந்தது. வேனுக்கு இந்தப் பக்கம், திரையின் இடது ஓரத்தில், நல்ல வெளிச்சத்தில், சிவப்பு கவுன் போட்ட ஒரு சின்னப் பெண் பந்தைத் தட்டிக்கொண்டு நின்றாள். இப்போதுதான் வந்தவள் அல்ல, பஸ் தெருவுக்குள் திரும்பியதிலிருந்தே அங்கேதான் நின்றாள். அறையில் இருந்த எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"எங்கடா புள்ள?" என்றார் அவர். "வெறும் வேன்தானே நிக்குது?"

டிரைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னடா ஊமையாட்டம் நிக்கறீங்க? எங்க நிக்கறா, காட்டுங்கடா!"

மனைவி பக்கத்தில் வந்து அவர் தாடையைப் பிடித்துத் தலையை இடப் பக்கமாக முழுக்கத் திருப்பினாள். பெண் நின்றாள். பந்து மேலே போய்க் கீழே வந்தது. அவர் தலையை நேராக்கினார், பெண் இல்லை. திருப்பினார், இருந்தாள். மூன்று நாலு தடவை அப்படிச் செய்து பார்த்தார்.

"உனக்கு இது முன்னமே தெரியுமா?" என்றார் மனைவியிடம்.

"கண்ணுன்னு தெரியாதுங்க. ஆனா ரொம்ப நாளா பாக்கறேன், இடது பக்கம் வச்ச டம்ளரையெல்லாம் தட்டி விடறீங்க. கதவு நிலையில தோளை இடிச்சுக்கறீங்க."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா கத்துவீங்க."

அவர் அதிகாரியைப் பார்த்தார். இவருக்கு வந்த கோபம் இதுவரை வந்த எந்தக் கோபத்தைப் போலவும் இல்லை.

"விதிப்படி அன்னிக்கே என்னை இறக்கியிருக்கணும்ல?"

"நீங்க அவ்வளவு கத்தினீங்களேண்ணே..."

"கத்தினா? எவன் கத்தினாலும் அம்பது புள்ளைங்களை அவன் கையில குடுத்துருவியா? அன்னிக்கும் ஓட்டினேன், மறுநாளும் ஓட்டினேன், இன்னிக்குக் காலையிலகூட ஏத்திட்டுப் போனேன். அங்க நிஜமா ஒருத்தி நின்னிருந்தா? அவளை எந்த டிரைவரைப் போட்டுடா சரிபண்ணுவ?"

அதிகாரியின் கண் கலங்கிவிட்டது. இவர் விடவில்லை. "பள்ளிக்கூட டிரிப்புக்கு நேரமாச்சு. யாரு எடுக்கறா?"

"இப்ப மாத்து ஆள் இல்லண்ணே. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீங்களே மெதுவா..."

அதிகாரி பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். ஹாரன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கதவைத் தாண்டும்போது நிலையில் தோள் இடித்தது, நிற்காமல் வெளியே போனார். பஸ்கள் நிற்கிற திடலின் நடுவில் நின்று, பள்ளிக்கூட வண்டிக்கு ஆள் வேணும், வாங்கடா வெளியே, என்று கத்தினார். இத்தனை வருஷத்தில் டிப்போ கேட்காத சத்தம். ஓய்வறையில் படுத்திருந்தவன் எட்டிப் பார்த்தான், மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். மனைவி பின்னாலேயே வந்து அவர் இடப் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவரை நிறுத்தச் சொல்லும்படி அவளிடம் கெஞ்சினார் அதிகாரி. அவள், கத்தட்டும் தம்பி என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு டிரைவர் கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்து அந்த வண்டியில் ஏறி எஞ்சினைக் கிளப்புகிற வரைக்கும் அவர் நிறுத்தவில்லை.