வெள்ளை அணு குறைந்தவர்களின் அறை வாசலில்

நர்ஸ் வேலையில் ஊசி போடுவதுகூடச் சுலபம். பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் கஷ்டம். ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணை இருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தேன். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துபோனவர்களுக்கென்று மாடியில் தனி அறை உண்டு. அங்கே வந்தவர்தான் சரசுவதி.

கை வைத்துப் பார்த்த காய்ச்சல்

சரசுவதி நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிசினில் துணி ஓரம் தைப்பவர். கோயமுத்தூரில் மருந்து ஏற்றி அனுப்பும்போதே, காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒருநாள் காலையில் குளிர் எடுத்திருக்கிறது. போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். சாயங்காலம் வேலை முடிந்து வந்த கணவர் பழனிச்சாமி தொட்டுப் பார்த்துப் பதறி, ஆட்டோவில் தூக்கிவந்தார். அதற்குள் பிரஷர் இறங்கி, பேச்சுக் குழறியது.

வெள்ளை அணுக்கள் இல்லாத உடம்பில் கிருமியை எதிர்க்க ஆளில்லை. வீங்காது, சீழ் பிடிக்காது. பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். டாக்டர் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த கையோடு, ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் ஆன்டிபயாட்டிக்கை நரம்பில் ஏற்றச் சொன்னார். பிழைப்பாரா என்று எங்களுக்கே சந்தேகம். நினைவு தெளிந்த பிறகு, ஏன் காலையிலேயே வரவில்லை என்று சரசுவதியிடம் கேட்டேன்.

"நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாத்தனுங்க சிஸ்டர், சுடவேயில்லீங்க. கையும் சேந்து சுட்டிருக்குது."

மூலனூர் முருங்கைக்காய்

சரசுவதியின் அண்ணன் மூலனூரிலிருந்து வந்தார். ஒரு பை நிறைய முருங்கைக்காய், கோயில் பூ, கூடவே நல்ல சளி. படியேறும்போதே தும்மினார். வாசலில் மறித்தேன்.

"கூடப் பொறந்தவளப் பாக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு இது சாதாரணச் சளிங்கண்ணா. அவங்களுக்கு நெஞ்சுல எறங்கீருச்சுன்னா உசுருக்கே ஆபத்துங்க" என்றேன்.

கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து தங்கை கையசைத்தாள். உடனே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

"நான் கெளம்பறனுங்க. முருங்கக்காய நீங்களாச்சும் கொழம்பு வெச்சுக்கங்க."

தெருவோடு பேச்சு

அணுக்கள் ஏறத் தொடங்கிய வாரம், கம்பெனிப் பெண்கள் ஷிப்ட் முடிந்து கூட்டமாக வந்தார்கள். மேலே விட முடியாது என்றதும் கோபித்துக்கொள்ளவில்லை. தெருவின் எதிர்ச்சாரியில் போய் வரிசையாக நின்றார்கள். சரசுவதிக்கு மாஸ்க் கட்டி, ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டேன். பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்தபடி போய்க்கொண்டிருக்க, கையாலும் வாயசைப்பாலும் அரை மணி நேரம் கதை ஓடியது. சரசுவதி சிரித்து அன்றுதான் பார்த்தேன். இந்த இரைச்சலில் என்ன புரிந்தது என்றேன்.

"மிசின் ஓடறப்பவே பேசிப் பழகுனவங்க நாங்க. இதெல்லாம் ஒரு சத்தமுங்களா?"

சரசுவதி வீடு திரும்பி, மீதி மருந்தையும் ஏற்றி முடித்து, மறுபடி மிசினில் உட்கார்ந்தார். எனக்குத்தான் 'உள்ள உடாத சிஸ்டர்' என்று பேர் நிலைத்துவிட்டது. என் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள்கூட வாசலிலேயே நின்று நீட்டினார்கள்.