மாதாவிடம் கடைசியாகச் சொன்னது

மாதாவின் பிள்ளைகளே, 1995 ஐப்பசி மாதம் குளிக்கும்போது என் இடது மார்பில் ஒரு கட்டி கையில் பட்டது. புளியங்கொட்டை அளவு. நோவில்லை. நோவாத கட்டிக்குத்தான் நான் பயந்தேன். மட்டக்களப்பில் என் தங்கச்சிக்கும் அப்படித்தான் வந்தது. மறைத்தாள். ஒன்றரை வருடத்தில் அடக்கம் செய்தோம்.

தெரிந்தும் நானும் மறைத்தேன்.

காரணம் என் மகள் றெஜினா. ஊரில் சண்டையால் உயர்தரப் பரீட்சை எழுத முடியாமல் போனவள். கனடாவில் மொன்றியலுக்கு வந்து எட்டு வருடம் புவாண்ட்-கிளேர்த் தொழிற்சாலையொன்றில் பெட்டி ஒட்டும் வேலை செய்தாள். முப்பத்திரண்டு வயதில்தான் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. சுகாதாரமும் சமூக அறிவியலும் சேர்ந்த படிப்பு. நேரே சேர முடியாது. முதலில் அடிப்படை ஆண்டு என்று ஒரு வருடம் படித்துத் தேற வேண்டும். தேறாவிட்டால் திரும்பவும் பெட்டிதான். முன்பு ஒரு முறை பிரெஞ்சு வகுப்புக்குப் போனவள், தகப்பன் படுக்கையில் விழுந்ததும் விட்டுவிட்டாள். என் கட்டி தெரிந்தால் இதையும் விடுவாள்.

நான் யாருக்கும் பாரமாக இருந்தவள் அல்ல. அவள் வகுப்புக்குப் போனதும் குசினியில் அடுப்புக்கு மேலே தட்டில் இருக்கும் மாதா சுரூபத்தின் முன் முழந்தாளில் நிற்பேன். "தாயே, இவள் சித்திரையில பரீட்சை எழுதி முடிக்குமட்டும் இது ஒருத்தருக்கும் தெரியப்படாது." அதுதான் என் ஜெபம். சுகம் கேட்கவில்லை. கேட்கவும் பயம்.

பனி கொட்டியது. கட்டியும் வளர்ந்தது. கை தூக்கினால் இழுத்தது. ஜான்-டலோன் சந்தையில் பையை வலக் கைக்கு மாற்றிக்கொள்வேன். றெஜினா கட்டிப் பிடிக்க வந்தால் விலகுவேன். "என்னம்மா, என்னோட கோவமா?" என்பாள். தங்கச்சியின் முகம் கண்ணுக்குள் வந்து நிற்கும்.

மாசி மாதம் ஒரு ஞாயிறு. பூசை முடிந்து வந்து குசினி மேசையில் இருந்தோம். றெஜினா ஒரு கடதாசி எடுத்தாள்.

"அம்மா, வகுப்பில ஒரு வேலை தந்திருக்காங்க. வயசான ஒராளிட்ட சுகநலம் கேட்டு எழுதணும்."

"வயசான ஆளெண்டா மேல்வீட்டுக் கிழவியிட்டப் போய்க் கேளு."

"அவ பிரெஞ்சில ஏசுவா. நீங்க சொல்லுங்க. நோ, வீக்கம், கட்டி ஏதும் இருக்கா?"

"இல்லையெண்டு எழுது."

எழுதினாள். "வருத்தம் வந்தா முதல்ல ஆரிட்டச் சொல்லுவீங்க?"

"மாதாவிட்டத்தான். உன்ட கடதாசிக்கு அது காணுமா?"

சிரித்தாள். அடுத்த கேள்வியையும் கடதாசியைப் பார்த்துத்தான் கேட்டாள். "கடைசியா அவவிட்ட என்ன சொன்னீங்க?"

மகளிடம் பொய் சொல்ல என்னால் முடிந்தது. ஆனால் மாதாவிடம் சொன்னதைப் பற்றி, அவர் சுரூபத்தின் முன்னாலேயே இருந்துகொண்டு எப்படிப் பொய் சொல்வது? பேனை நின்றது. "அம்மா?" என்றாள். அவள் கையை எடுத்துக் கட்டியின் மேல் வைத்தேன்.

அழுதாள். படிப்பை விடுகிறேன் என்றாள், நான் பயந்தபடியே. "நீ வகுப்புக்குப் போனாத்தான் நான் கத்திக்குப் போவன்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் போனோம். பங்குனியில் சத்திரசிகிச்சை. கட்டி கெட்டதுதான், ஆனால் இன்னும் பரவவில்லை, நேரத்துக்கு வந்தீர்கள் என்றார் டாக்குத்தர். என் கட்டிலருகே இருந்தே படித்தாள். சித்திரையில் தேறினாள்.

ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று கேட்டேன். மாதா அதைத் தரவில்லை. மகளின் படிப்பைத் தந்தார். கேட்கப் பயந்த உயிரையும் தந்தார். இது 1999. இந்த வருடம் றெஜினா பட்டம் வாங்குகிறாள். நான் உடுத்திக்கொண்டு முன்வரிசையில் இருப்பேன்.

உங்களிலும் யாராவது ஒரு பயத்தை மாதாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கலாம். அவரை நம்புங்கள். நம்பி, வீட்டிலும் சொல்லுங்கள். அவர் அனுப்பிய ஆள் உங்கள் மேசையிலேயே பேனையோடு இருக்கக்கூடும்.

மார்பைப் படம் பிடிக்கப் போகும் நாட்களில் இன்றும் எனக்குப் பயம்தான். அன்று காலை முழந்தாளில் நின்று, அடுத்த அறையில் றெஜினாவுக்குக் கேட்கும்படி உரத்து ஜெபிப்பேன்.