மேஸ்திரி கட்டிய ஜோடி

நான் யாரையும் லேசில் மன்னிக்கிறவன் இல்லை. மாதா கோயில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் கேட்டபோதும் இதையேதான் சொன்னேன். அதிலும் என்னை வேலை தெரியாதவன் என்று ஊர் முழுக்கச் சொன்ன அந்த மேஸ்திரியை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. இன்றும் வரவில்லை.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ராயபுரத்தில் ஒரு மோட்டார் பட்டறையில் நான் ஃபிட்டர். வெங்காய மண்டி வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், கப்பலேறிப் போன துரையிடமிருந்து இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தார். யுத்தத்துக்கு முந்தைய வண்டி. பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியலில் பல் தேய்ந்துபோய் எங்கள் பட்டறைக்கு வந்தது. மேஸ்திரி ஸ்டோரிலிருந்து புதுப் பல்சக்கரங்களை எடுத்துக் கொடுத்தார். நான் பூட்டினேன். மூன்றாம் நாள் அண்ணாச்சி எண்ணூர் போய்த் திரும்பும் வழியெல்லாம் வண்டி ஊளையிட்டிருக்கிறது.

முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்து விசாரித்தார். மேஸ்திரி என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"சாமானெல்லாம் ஒயுங்காத்தான் கீது மொதலாளி. இவன் பூட்னதுதான் கலீஜு."

அன்று சாயங்காலமே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதோடு விட்டாரா? திருவொற்றியூர் வரைக்கும் எந்தப் பட்டறை வாசலில் போய் நின்றாலும், அவர் பேச்சு எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. 'ஊளை ஃபிட்டர்' என்று எனக்குப் பட்டப்பெயர் வேறு. வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம். பேர் போனவனை எவன் வண்டியைத் தொட விடுவான்? இழுத்து வைத்து நாலு அறை விடலாமா என்றுகூட யோசித்தேன். அறை வாங்கினால் அவருக்கு ஒரு நாள்தான் வலிக்கும்.

நேராக மண்டிக்குப் போனேன்.

"அண்ணாச்சி, வண்டிய என் வூட்டாண்ட கொண்டாந்து வுடுங்க. நானே அவுத்துப் பாக்குறேன்."

"கெடுத்தது நீ. திரும்ப உங்கிட்டயே தரணுமாக்கும்?"

"மறுபடி ஊளையிட்டுச்சுன்னா என்ன ஹார்பர் தண்ணில தள்ளிடுங்க."

அவர் சிரித்துவிட்டார். அவருக்கும் வேறு வழியில்லை. அந்த வண்டியைத் தெரிந்தவர்கள் அந்தப் பட்டறையை விட்டால் ஊரில் யாருமில்லை; அங்கேயும் அதை அவிழ்த்துப் பூட்டியவன் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து வந்ததும் வேட்டியை மாற்றிக்கொண்டு இறங்கினேன். வீட்டுக்கு முன்னால் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி, ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளை முட்டுக் கொடுத்தேன். எண்ணெயை வடித்தேன். இரண்டு பக்கத்து ஆக்சில்களையும் உருவி, எஞ்சினிலிருந்து வரும் நடுத்தண்டைக் கழற்றிவிட்டு, மல்லாந்து படுத்து டிஃபரென்ஷியலை அப்படியே நெஞ்சில் இறக்கிக்கொண்டேன். ஒரு ஆள் கனம். கழற்றிய பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் போட்டபோதுதான் என் மனைவி பார்த்தாள்.

"மீன் கய்வுற சட்டில இன்னாத்த ஊற வச்சிகினு கீறே?"

"மேஸ்திரி மானத்த," என்றேன்.

அப்போது கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சட்டியில் கை விட்டதும் விஷயம் விளங்கிவிட்டது. பெரிய சக்கரம் கிரவுன், சின்னது பினியன். இரண்டையும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று ஓடவிட்டு, ஜோடி சேர்த்து, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புவார்கள். புருஷன் பெண்டாட்டி என்றுதான் நாங்கள் சொல்வோம். ஜோடி மாறினால் ஊளைதான். கிரவுனில் காய்ந்து கிடந்த சந்தனமும் குங்குமமும் மண்ணெண்ணெயில் ஊறி உதிர்ந்து போக, அடியில் 28 என்று இருந்தது. பினியனில் 35.

எப்படி மாறியது என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த வருஷ ஆயுத பூஜைக்கு மேஸ்திரி ஸ்டோரில் இருந்த சாமான் அத்தனையையும் வெளியே எடுத்து, ஜோடி ஜோடியாகக் கட்டியிருந்த கம்பிகளை வெட்டி, பளபளவென்று துடைத்து, வரிசையாக அடுக்கிப் பொட்டு வைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பூஜை முடிந்து திரும்பக் கட்டியதும் அவரேதான். அந்த வண்டிக்கென்று வந்திருந்தது இரண்டே ஜோடி. இரண்டையும் மாற்றிக் கட்டிவிட்டார்.

என் பங்கும் இதில் உண்டு. பூட்டும்போது நான் எண்ணைப் பார்த்திருக்க வேண்டும். சரியாக எண்ணின் மேல் பொட்டு இருந்தது. பூஜை போட்ட சாமானைக் கிறிஸ்தவன் சுரண்டினான் என்று யாராவது பேசுவார்களே என்று அப்படியே பூட்டிவிட்டேன். இதை நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் இரண்டு சக்கரங்களையும் கோணியில் சுற்றி, அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். முதலாளி முன்னால் மேஜையில் வைத்து எண்களைக் காட்டினேன். ஸ்டோரில் இருந்த இன்னொரு ஜோடியைக் கொண்டுவரச் சொன்னார். மேஸ்திரி தான் கட்டிய கம்பியோடு கொண்டுவந்து வைத்தார்.

முதலாளி கையை நீட்டினார். நான் குறுக்கே புகுந்தேன்.

"அவரே படிக்கட்டும் மொதலாளி."

மேஸ்திரியின் கண் மங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பட்டறையில் எங்கள் எல்லாருக்கும் தெரியும். அளவுகளை நாங்கள் படித்துச் சொல்வோம், அவர் தலையாட்டிக்கொள்வார். முதலாளிக்கு மட்டும் தெரியாது. யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை, ஆனால் யாரும் காட்டிக் கொடுத்ததும் இல்லை.

அவர் சக்கரத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். ஃபிட்டர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த இடத்திலேயே நான் போதும் என்று சொல்லியிருக்கலாம். டார்ச் விளக்கை எடுத்து எண்ணுக்கு நேராகப் பிடித்தேன்.

"சத்தமா படி மேஸ்திரி."

"ரெண்டும்... ரெண்டும் ஒரே நம்பர்தான்," என்றார்.

முதலாளி வாங்கிப் பார்த்தார். கிரவுன் 35, பினியன் 28. மேஸ்திரியை அப்போதே வீட்டுக்குப் போகச் சொன்னார். என்னை மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார். வண்டியை என் வீட்டில் முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டு, சரியான ஜோடியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

கப்பலுக்கு அடிக்கும் சிவப்புச் சாயம் கொஞ்சம் வாங்கிவந்து பற்களில் தடவி, சுற்றிப் பார்த்து, மெல்லிய தகடுகளை வைத்தும் எடுத்தும், பல்லும் பல்லும் நடுவில் பதியும்வரை மூன்று நாள் உட்கார்ந்தேன். எண்ணூர் வரை போய்த் திரும்பினோம். ஒரு முனகல்கூட இல்லை.

"இப்பதாம்லே இது கார்," என்றார் அண்ணாச்சி.

திரும்பும்போது மூலக்கொத்தளம் வழியாகப் போகச் சொன்னேன். மேஸ்திரியின் வீடு அங்கேதான். அவர் வாசலில் நின்றிருந்தார். வண்டியை மெல்ல ஓட்டி, ஆக்சிலேட்டரை விட்டு விட்டு மிதிக்கச் சொன்னேன். ஊளை இருந்தால் அப்போதுதான் கேட்கும். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, கையை முன்னால் நீட்டிக்கொண்டு தெருவில் இறங்கி வந்தார்.

"சத்தமே இல்லியே. யாருப்பா பூட்னது?"

"நான்தான்."

என் குரல் அவருக்குத் தெரியாதா என்ன? பின்பக்க மட்கார்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நல்லா பூட்டிகீறே. நான் பூட்டியிருந்தாகூட இப்டி வராது."

போன பேர் திரும்பி வந்துவிட்டது, அதுவும் அவர் வாயாலேயே. வேறு யாராக இருந்தாலும் இதோடு விட்டிருப்பார்கள். எனக்குப் போதவில்லை. வந்த ஞாயிற்றுக்கிழமையும் அண்ணாச்சியை அதே தெரு வழியாகத்தான் ஓட்டச் சொன்னேன்.