வாயை முகர்ந்து பார்த்த இரண்டு மாதம்

என் மகள் சும்மா இருந்தால் எனக்குப் பயம். நாலு வயதுவரை அவள் சும்மா இருந்ததே இல்லை. சட்டையின் பின்கழுத்துத் துணி உரசினால் கத்துவாள். மிக்சி ஓடினால் சுவரில் முட்டிக்கொள்வாள். ஆசையாகக் கன்னத்தைத் தடவினால் சூடு பட்டதுபோல் என் கையைத் தட்டிவிடுவாள். பெற்றவளுக்கு அது எப்படி வலிக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஸ்ரீபெரும்புதூர் டாக்டர், "தொடுறது, சத்தம் எல்லாமே இவளுக்கு அதிகமாத் தெரியுது. ஆட்டிசமாவும் இருக்கலாம், பார்க்கணும்" என்றார். இருக்கலாமாம்! அவரையும் நான் நம்பவில்லை.

அப்படிப்பட்டவளை மண்ணூரில் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு கம்பெனி வேலைக்குப் போக ஆரம்பித்தேன். ஒரே வாரத்தில், சாயங்காலம் வந்து பார்த்தால் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறாள்! கண் வேறு சொருகியிருந்தது. இருமல் மருந்தைக் கொடுத்துப் பிள்ளைகளைத் தூங்க வைப்பார்கள் என்று கம்பெனி லைனில் என் பக்கத்தில் நின்று வேலை செய்யும் ஒருத்தி சொல்லியிருந்தாள். வீட்டுக்காரரிடம் சொன்னால், "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கென்ன!

அன்றிலிருந்து கூட்டிவரப் போகும்போதெல்லாம் மகளின் வாயை முகர்ந்து பார்த்தேன். நாக்கை நீட்டச் சொன்னேன். அக்கா அடுப்படிக்குப் போன நேரம் அவள் அலமாரியைத் துழாவினேன். கம்பெனி கேட்டில் தினமும் என்னைத் தடவிச் சோதிக்கிறார்கள். அந்த வித்தை எனக்கு நன்றாகவே வரும். ஒரு தைல பாட்டிலும் ஜெபப் புத்தகமும்தான் கிடைத்தன. ஒளித்து வைத்திருக்கிறாள் கைகாரி, என்று நினைத்தேன்.

ஒருநாள் கம்பெனியில் மாட்ட வேண்டிய பார்ட் வரவில்லை என்று லைனை நிறுத்தி, பதினோரு மணிக்கே எங்களை பஸ் ஏற்றிவிட்டார்கள். இன்றைக்கு மாட்டினாள் என்று நேராக அவள் வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தரையில் மெத்தை, அதன்மேல் என் மகள், அவள்மேல் இன்னொரு மெத்தை. தலை மட்டும் வெளியே. அக்கா இரண்டு கைகளையும் ஊன்றி அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி, எம் புள்ளய கொல்றியா!"

கதவைத் தள்ளிக்கொண்டு போய் மெத்தையை இழுத்தெறிந்தேன். மகள் வீறிட்டாள். ஓடிப்போய் அந்த மெத்தையைப் பிடித்துத் தன்மேல் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "லேசா தொட்டா கூசுது அதுக்கு. நல்லா அமுக்கினா சிரிக்குது. அப்பால சும்மா கீது, தூங்குது."

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"எப்பிடிம்மா சொல்றது? வந்ததும் வராததுமா புள்ள வாய மோந்து பாக்கற. என் அலமாரிய நோண்டிகினு கீற. நான் இன்னா சொன்னாலும் நம்புவியா நீ?"

அவமானத்தில் செத்துப்போனேன். மகளோ மெத்தைக்குள் புகுந்துகொண்டு, "அமுக்கு" என்று அக்காவின் புடவையைப் பிடித்து இழுத்தாள். எனக்குப் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. நகர்ந்து இடம் விட்டாள்.

"நீயே அமுக்கு."

பயந்து பயந்து கையை வைத்தேன். மகள் உதைத்தாள்.

"அட, சப்பாத்தி மாவு பிசையற மாதிரி நல்லா அமுக்கும்மா."

அமுக்கினேன். உதைப்பது நின்றது. கையை எடுக்கப் போனேன்.

"இன்னும்" என்றாள் என் மகள், என்னைப் பார்த்து.